ரவுண்ட்ஸுக்குப் போகும் பார்மசிஸ்ட் எதைத் தயார் செய்ய வேண்டும்?

காலை ரவுண்ட்ஸில் யூனிட் சீஃப், அசிஸ்டெண்ட் டாக்டர்கள், பிஜிக்கள் (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்கள்), ஹவுஸ் சர்ஜன்கள், வார்டு சிஸ்டர் என்று ஒரு கூட்டமே கட்டிலைச் சுற்றி நிற்கும். ஒரு நோயாளிக்குச் சில நிமிடங்கள்தான். அதில் பார்மசிஸ்ட் பேச அரை நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த அரை நிமிடத்தில் சொல்வது, அன்று எழுதப்போகும் ஆர்டரை மாற்றக்கூடிய விஷயமாக இருக்க வேண்டும். அதைக் கட்டிலருகே நின்றுகொண்டு கண்டுபிடிக்க முடியாது. ரவுண்ட்ஸுக்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே தேடி எடுத்து வைத்திருக்க வேண்டும். இந்தக் கையேட்டில் பெரும்பகுதி அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்.

புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரிகளில் பார்ம்.டி. (ஆறாண்டு பார்மசி படிப்பு) இன்டர்னாகவோ கிளினிக்கல் பார்மசிஸ்டாகவோ சேர்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறோம். 2008-ல் வந்த பார்ம்.டி. விதிமுறைப்படி ஆறாம் ஆண்டு முழுக்க ஆஸ்பத்திரியில்தான்: பொது மருத்துவத்தில் 6 மாதம், வேறு மூன்று துறைகளில் தலா 2 மாதம். முதல் நாளிலேயே மனதில் பதிய வேண்டியது ஒன்று உண்டு. பார்மசிஸ்ட் ஆர்டரைத் திருத்துவதில்லை. பரிந்துரை சொல்கிறார், டாக்டர் ஏற்றுக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் அது ஆர்டர். "சார் சரின்னு சொல்லிட்டாரு" என்று நீங்களே டிரக் சார்ட்டில் அடித்துத் திருத்தக் கூடாது.

யாரை முதலில் பார்ப்பது

நாற்பது கட்டில் உள்ள வார்டில் எல்லோருடைய கேஸ் ஷீட்டையும் ஒரு மணி நேரத்தில் படிக்க முடியாது. முயன்றால் எல்லாவற்றையும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு எதையும் பிடிக்காமல் போவீர்கள். நேற்று மாலைக்குப் பின் அட்மிட் ஆனவர்கள், கிரியேட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) மாறியவர்கள், கல்ச்சர் ரிப்போர்ட் (எந்தக் கிருமி, எந்த மருந்து கேட்கும் என்று சொல்வது) வந்தவர்கள், இன்று டிஸ்சார்ஜ் ஆகப் போகிறவர்கள், மூக்கில் டியூப் போட்டவர்கள் ஆகியோரை முதலில் எடுங்கள். அடுத்து, ஆபத்தான மருந்து ஓடுகிறவர்கள்: இன்சுலின், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெபாரின், எனாக்ஸாபாரின், வார்ஃபரின், பிறகு டிகாக்சின், ஃபெனிடாயின், அமிகாசின், வான்கோமைசின், பொட்டாசியம் குளோரைடு. இதற்குப் பிறகும் நேரம் இருந்தால் பத்து மருந்துக்கு மேல் போகிறவர்கள்.

கேஸ் ஷீட்டைத் திறந்ததும் டாக்டர் நோட்ஸுக்குப் போகாதீர்கள். முதலில் டாக்டர் எழுதிய ஆர்டரையும் சிஸ்டர் கையெழுத்திட்ட சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எழுதியது ஒன்று, உடம்புக்குள் போனது வேறொன்று என்பது அப்போதுதான் தெரியும். இரவு பத்து மணி டோஸ் கட்டம் காலியாக இருந்தால் காரணத்தைக் கேளுங்கள். ஸ்டாக் இல்லாமல் இருக்கலாம், வென்ஃப்ளான் (நரம்பில் போட்ட ஊசிக்குழாய்) கழன்றிருக்கலாம், நோயாளி ஸ்கேனுக்குப் போயிருக்கலாம். ஆன்டிபயாடிக் மூன்று டோஸ் போகாமலேயே "காய்ச்சல் குறையவில்லை, மருந்தை மாற்றுவோம்" என்ற முடிவு எடுக்கப்படுவதைத் தடுக்க வார்டில் ஒருவர் வேண்டும். அது நீங்கள்தான்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வரிக் குறிப்பு போதும்: கட்டில் எண், வயது, எடை, இன்றைய கிரியேட்டினின், பொட்டாசியம், ஆன்டிபயாடிக் எத்தனையாவது நாள், சொல்ல வேண்டியது. எடை பல கேஸ் ஷீட்டில் இருக்காது. இருந்தாலும் பார்வையில் போட்ட மதிப்பாக இருக்கும். எழுந்து நிற்கக் கூடியவரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். கிட்னிக் கணக்கும், காசநோய் மாத்திரையும், எனாக்ஸாபாரினும் அந்த ஒரு எண்ணில்தான் நிற்கின்றன.

வீட்டிலிருந்து வந்த மாத்திரைப் பை

புதிதாக அட்மிட் ஆனவரின் பழைய மருந்துகளை 24 மணி நேரத்துக்குள் எழுதி முடிக்க வேண்டும். இந்தப் பகுதியில் இது சுலபமான வேலை இல்லை. கடலூர், விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவரிடம் மூன்று நான்கு இடத்து மாத்திரை ஒரே பையில் இருக்கும். 2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் பிரஷர், சுகர் மாத்திரை ஒன்று. டவுனில் தனியார் டாக்டர் எழுதிக் கடையில் வாங்கியது இன்னொன்று. முன்பு புதுச்சேரி ஓ.பி.யில் கொடுத்தது மீதி.

அரசு ஸ்ட்ரிப்பில் 'அம்லோடிபின் 5 மி.கி.' என்று மருந்தின் பெயரே இருக்கும். கடை ஸ்ட்ரிப்பில் கம்பெனிப் பெயர் பெரிதாகவும், அடியில் 'டெல்மிசார்டன் 40, அம்லோடிபின் 5' என்று பொடி எழுத்திலும் இருக்கும். நோயாளிக்கு இரண்டும் வேறு வேறு மாத்திரை. இரண்டையும் போடுகிறார், அம்லோடிபின் 10 மி.கி. ஆகிவிடுகிறது, கால் வீங்குகிறது. கால் வீக்கத்துக்கு, நீரை வெளியேற்றும் ஃபுரோசமைடு எழுதப்படுகிறது. ரவுண்ட்ஸில் அந்த ஃபுரோசமைடு ஆர்டருக்கு முன்னால் நீங்கள் பையைத் திறந்து பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும்.

ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுப்பதால் பெயர் இருந்த முனை போய்விட்டிருக்கும். வெட்டிய துண்டுகளைக் கட்டில் மேல் பரப்பி, அலுமினியத் தாளில் மிஞ்சிய எழுத்துகளைச் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கும். படிக்க முடியாவிட்டால் யூகிக்காதீர்கள். மகனையோ மகளையோ வீட்டில் இருக்கும் முழு அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் விடை இருக்கிறது. "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?" என்றால் "சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை" என்ற பதிலோடு நின்றுவிடும். நாளை வரிசையாகப் பிடியுங்கள்: "காலையில எழுந்ததும் வெறும் வயித்துல எத்தனை மாத்திரைம்மா? டிபனுக்கு அப்புறம்? ராத்திரி படுக்குறப்ப?" பிறகு, "கடைசியா எப்ப போட்டீங்க? நடுவுல விட்டுப்போன நாள் உண்டா?" அடுத்து, மருந்து என்றே அவர்கள் நினைக்காதவற்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: கண் சொட்டு, இன்ஹேலர், வாரம் ஒருமுறை போடும் மாத்திரை, மாதம் ஒரு ஊசி. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமாவைக் கிளப்பும். சொட்டு மருந்து என்று ஒதுக்கினால் காரணம் பிடிபடாது.

மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு வாங்கிய, பெயரில்லாமல் காகிதத்தில் மடித்துத் தந்த மாத்திரையைப் பற்றி இரண்டு முறை கேளுங்கள். அதில் டெக்ஸாமெதசோனோ பிரெட்னிசலோனோ போன்ற ஸ்டீராய்டு இருக்கக்கூடும். மாதக்கணக்கில் போட்டவர் அட்மிட் ஆனதும் அது சட்டென்று நின்றுபோகிறது. இரண்டொரு நாளில் பிரஷர் இறங்குகிறது, சோடியம் இறங்குகிறது, சுகர் இறங்குகிறது. காரணம் தெரியாமல் வார்டே தேடும். நாட்டு மருந்து, சூரணம், பற்பம், லேகியம் பற்றியும் கேளுங்கள். திட்டுகிற குரலில் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். "உடம்புக்கு ஒத்துக்குதாய்யா?" என்று தொடங்கினால் சொல்வார்கள்.

புதுச்சேரியின் பெரிய ஆஸ்பத்திரிகளில் வெளிமாநிலத்திலிருந்து வந்த பிஜிக்கள் நிறைய உண்டு. நோயாளி சொல்லும் 'கிறுகிறுப்பு', 'மதமதப்பு', 'படபடப்பு', 'வாய்க் கசப்பு' எல்லாம் கேஸ் ஷீட்டுக்குள் போகும்போது ஒரே 'தலைசுற்றல்' ஆகிவிடும். மதமதப்பு காசநோய் மருந்தான ஐசோனியாசிடால் நரம்பு பாதித்ததாக இருக்கலாம். படபடப்பும் வியர்வையும் சுகர் இறங்கியதாக இருக்கலாம். நோயாளியின் சொல்லை அப்படியே குறித்துக்கொண்டு, அதன் பொருளை டாக்டருக்கு விளக்குங்கள். தமிழ் தெரிந்த பார்மசிஸ்ட்டுக்கு இது கூடுதல் வேலை என்று தோன்றக் கூடாது.

கிட்னிக் கணக்கு

கிரியேட்டினின் 1.4 என்றால் பலருக்கு 'கொஞ்சம் கூட' என்றுதான் படும். 68 வயது அம்மா, எடை 45 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்னி நிமிடத்துக்கு எவ்வளவு சுத்தம் செய்கிறது (கிளியரன்ஸ்) என்று சொல்லும் காக்கிராஃப்ட்-கால்ட் கணக்கு: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும், பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். இங்கே 72 × 45 ÷ (72 × 1.4) = 32; அதை 0.85-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு 27 மி.லி. எனாக்ஸாபாரின் சிகிச்சை டோஸ் கிலோவுக்கு 1 மி.கி. என்று தினம் இரண்டு வேளை போய்க்கொண்டிருந்தால், 30-க்குக் கீழே அது ஒரு வேளைதான். மெரோபெனம் என்ற ஆன்டிபயாடிக் 1 கிராம் எட்டு மணிக்கொருமுறை என்பது 26-லிருந்து 50 வரை பன்னிரண்டு மணிக்கொருமுறை ஆகும். சுகர் மருந்தான மெட்ஃபார்மின், ஜி.எஃப்.ஆர். (கிட்னி வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே கூடாது.

ஆனால் இந்தக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது. கிரியேட்டினின் ஒரே அளவில் நின்றால்தான் இது செல்லும். நேற்று 0.9, இன்று 2.0 என்றால் கணக்கில் வரும் எண்ணைவிட உண்மையான கிளியரன்ஸ் மிகக் கீழே இருக்கும். அப்போது சிறுநீர் அளவைப் பாருங்கள். வருடக்கணக்காகப் படுத்திருப்பவருக்குத் தசையே இருக்காது, கிரியேட்டினின் 0.4 என்று அழகாகத் தெரியும், கணக்கு கிளியரன்ஸை ஏற்றிக் காட்டும். செப்சிஸில் (தொற்று முற்றி உடம்பு முழுதும் பாதித்த நிலை) வந்தவருக்கு முதல் 48 மணி நேரத்தில் மெரோபெனம் போன்ற மருந்தைக் குறைக்க அவசரப்படாதீர்கள். திரவம் கொடுத்ததும் கிட்னி மீண்டுவிடுவது உண்டு. அந்த இரண்டு நாளில் டோஸ் குறைந்து போவதுதான் பெரிய ஆபத்து. அமிகாசினுக்கு இந்தச் சலுகை இல்லை. அது கிட்னியையே கெடுக்கும்.

எங்கே நிற்பது, எப்போது பேசுவது

ஆர்டர் எழுதுபவரின் பக்கத்தில் நில்லுங்கள். பெரும்பாலும் அது பிஜி, சில யூனிட்களில் ஹவுஸ் சர்ஜன். டிரக் சார்ட் உங்கள் கையில் இருக்கட்டும். நோயைப் பற்றிய பேச்சு ஓடும்போது குறுக்கிடாதீர்கள். "சரி, இவருக்கு இதைத் தொடருவோம்" என்று முடிவு வரும் கணம்தான் உங்களுடையது. அதற்கு முன் சொன்னால் காதில் விழாது. ஆர்டர் எழுதி அடுத்த கட்டிலுக்கு நகர்ந்த பின் சொன்னால் எல்லோரையும் திரும்ப இழுத்துவர வேண்டும்.

சொல்லும் வரியில் மூன்று இருக்கட்டும்: இன்றைய எண், அதனால் என்ன ஆகும், என்ன செய்யலாம். "சார், கிளியரன்ஸ் 27 வருது. எனாக்ஸாபாரின் 45 ரெண்டு வேளை போகுது, ப்ளீடிங் ரிஸ்க் கூடும். ஒரு வேளை ஆக்கிடலாமா சார்?" இவ்வளவுதான். இதே செய்தியை "எனாக்ஸாபாரினுக்கு ரீனல் அட்ஜஸ்ட்மென்ட் வேணும் சார்" என்று விட்டுவிட்டால், எவ்வளவு என்ற கேள்விக்கு யாராவது போனைத் திறக்க வேண்டும். ரவுண்ட்ஸ் நகர்ந்துவிடும், பழைய டோஸ் அப்படியே போகும்.

ஒரு நோயாளிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு விஷயம். மருந்து மோதல் பார்க்கும் ஆப் பத்து மருந்துக்கு இருபது எச்சரிக்கை காட்டும். அவற்றை வரிசையாக வாசிக்கும் பார்மசிஸ்ட்டை மூன்றாம் நாளிலிருந்து யாரும் கவனிக்கமாட்டார்கள். இன்று தீங்கு செய்யக்கூடியதை ரவுண்ட்ஸில் சொல்லுங்கள். மற்றதை ரவுண்ட்ஸ் முடிந்ததும் பிஜியிடம் டீ நேரத்தில் சொல்லுங்கள்.

நோயாளி காதில் விழும்படி 'தப்பு', 'ஓவர்டோஸ்' என்ற சொற்கள் வேண்டாம். டாக்டர் மனம் நோகும் என்பதைவிட, அந்தக் குடும்பம் அன்றைக்கே மருந்தை நிறுத்திவிட்டுக் கிளம்பிவிடும் என்பதுதான் பெரிய கவலை. விதிவிலக்கு ஒன்று: பென்சிலின் அலர்ஜி எழுதியிருப்பவருக்கு அதே வகையான பிப்பராசிலின் சிரிஞ்சில் ஏறிவிட்டது போன்ற நிலை. அப்போது முறை பார்க்காமல் கையைத் தடுத்து, அங்கேயே சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்கு விடை தெரியாவிட்டால், "பார்த்துட்டுப் பதினொரு மணிக்குள்ள சொல்றேன் சார்" என்று சொல்லி, பதினொன்றுக்குள் சொல்லிவிடுங்கள். நம்பிக்கை இப்படித்தான் சேரும். பரிந்துரை ஏற்கப்படாவிட்டால் காரணத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் உங்களுக்குத் தெரியாத காரணம் டாக்டரிடம் இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பிஜியைத் தாண்டி அசிஸ்டெண்ட்டிடமோ சீஃபிடமோ போங்கள். போவதாக பிஜியிடம் சொல்லிவிட்டே போங்கள்.

அடிக்கடி கண்ணில் படுபவை

இன்சுலினிலிருந்து தொடங்குவோம். நம் ஊரில் வயல் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.யில் 40 யூனிட். பேனாவுக்கான காட்ரிட்ஜ் 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை: சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 40 வயலிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் '20' கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட்தான். சுகர் 350-லேயே நிற்கும், டோஸை ஏற்றிக்கொண்டே போவார்கள். 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடியில் '20' இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது கோமாவில் கொண்டுபோய் விடும். சுகர் கணக்குக்கு அடங்காதபோது டோஸைப் பேசுவதற்கு முன், வார்டு டிரேயில் கிடக்கும் சிரிஞ்சின் மூடி நிறத்தைப் பாருங்கள்.

இன்சுலினில் இன்னொன்று சாப்பாட்டு நேரம். ரெகுலர் இன்சுலின் சாப்பாட்டுக்கு அரை மணி முன். ஆறரைக்கு ஊசி போட்டாயிற்று, இட்லியோ வீட்டிலிருந்து பஸ் ஏறி எட்டரைக்கு வருகிறது என்றால் எட்டு மணிக்கு வியர்த்துக் கொட்டும். ஊசி நேரத்தைச் சாப்பாடு வரும் நேரத்தோடு கட்டிப் போடச் சொல்லுங்கள்: "சாப்பாடு தட்டுல வந்தப்புறம் ஊசி போடலாம் சிஸ்டர்." அரை மணி முன் என்ற விதி கொஞ்சம் தளரும், ஆனால் நோயாளி மயங்க மாட்டார்.

பொட்டாசியம் குளோரைடு: 10 மி.லி. ஆம்பியூலில், 15 சதவீதக் கரைசலில், 20 மில்லி ஈக்விவலெண்ட். 500 மி.லி. சலைனில் ஒரு ஆம்பியூல். கை நரம்பில் மணிக்கு 10 மில்லி ஈக்விவலெண்ட்டுக்கு மேல் வேண்டாம், அதாவது குறைந்தது இரண்டு மணி நேரம். ஸ்டாண்டில் தொங்கும் பாட்டிலில் அப்படியே குத்தி ஏற்றினால் பொட்டாசியம் அடியில் தங்கி, முதல் சில நிமிடங்களிலேயே மொத்தமும் உள்ளே போகும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பல முறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலந்த பிறகே மாட்ட வேண்டும். ஆம்பியூல்கள் டிஸ்டில்டு வாட்டர் டிரேயில் கலந்து கிடந்தால் அன்றே பிரித்து வையுங்கள்.

வலிப்பு வார்டில் ஒரு கூட்டணியை மறக்கவே கூடாது: வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட்டும் மெரோபெனமும். மெரோபெனம் தொடங்கிய ஓரிரு நாளில் ரத்தத்தில் வால்ப்ரோயேட் அளவு பாதிக்கும் கீழே விழுந்துவிடும். வால்ப்ரோயேட் டோஸை ஏற்றிச் சரிக்கட்ட முடியாது. ஒன்று, ஆன்டிபயாடிக்கை மாற்ற வேண்டும். முடியாவிட்டால் வேறொரு வலிப்பு மருந்தான லெவெடிராசெட்டம் சேர்க்கக் கேளுங்கள், அதற்கும் கிட்னிக் கணக்கு உண்டு. ஃபெனிடாயின் நார்மல் சலைனில் மட்டும், டெக்ஸ்ட்ரோஸில் படிகமாகிவிடும். நிமிடத்துக்கு 50 மி.கி.க்கு மேல் போகக் கூடாது, முதியவருக்கும் இதயநோய் உள்ளவருக்கும் அதில் பாதி. 1,000 மி.கி. என்றால் 100 மி.கி. ஆம்பியூல் பத்து, 100 மி.லி. சலைனில், அரை மணி நேரத்துக்குக் குறையாமல், மானிட்டர் போட்டு. டியூப் வழியாக ஃபெனிடாயின் கொடுத்தால் ஃபீடை முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் உறிஞ்சாது. ஆல்புமின் குறைந்தவருக்கு ரிப்போர்ட்டில் வரும் ஃபெனிடாயின் அளவை அப்படியே நம்ப வேண்டாம். ஆல்புமினை 0.2-ஆல் பெருக்கி 0.1 கூட்டி, அந்த எண்ணால் வகுத்தால் வருவதே ஏறத்தாழ உண்மையான அளவு. ரிப்போர்ட்டில் 8, ஆல்புமின் 2 என்றால் திருத்திய அளவு 16. போதவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றினால் தள்ளாட்டம் வரும்.

வான்கோமைசின் நிமிடத்துக்கு 10 மி.கி.க்குள்; ஆக 1 கிராமுக்கு 100 நிமிடம், 200 மி.லி. சலைனில். வேகமாக விட்டால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும். அதை அலர்ஜி என்று எழுதி மருந்தையே நிறுத்திவிடுவார்கள். பல சமயம் வேகத்தைக் குறைத்தால் போதும். பூஞ்சைத் தொற்றுக்கான ஆம்ஃபோடெரிசின் பி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டும், சலைன் பட்டால் திரிந்துவிடும். சாதா ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 1.5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. லிப்போசோமல் கிலோவுக்கு 3 முதல் 5 மி.கி. ஆர்டரில் 'ஆம்ஃபோ 200' என்று மட்டும் இருந்தால் எது என்று கேட்காமல் நகராதீர்கள். செஃப்ட்ரியாக்சோனை ரிங்கர் லாக்டேட்டோடு ஒரே லைனில் விடாதீர்கள். அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படியும். பச்சிளம் குழந்தைக்குக் கால்சியம் ஓடினால் செஃப்ட்ரியாக்சோன் அறவே கூடாது.

பாராசிட்டமால் மூன்று வழியில் நுழையும்: ஊசி, காய்ச்சல் மாத்திரை, அசெக்ளோஃபெனாக்கோ டிரமடாலோ சேர்ந்த கூட்டு மாத்திரை. கூட்டிப் பாருங்கள். 45 கிலோ உள்ளவருக்கு ஊசி கிலோவுக்கு 15 மி.கி. வீதம் 675 மி.கி.தான், 1 கிராம் பாட்டில் முழுதும் இல்லை. அதே டிரமடால், லைனசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, குழப்பம், காய்ச்சல் வரலாம். அதைத் தொற்று கூடியதாக எடுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

காசநோய் மாத்திரை எடைப்படி: 35 முதல் 49 கிலோ வரை 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4. பழைய எடையோடு மாதங்கள் ஓடும். மறுபடி எடை பாருங்கள். ரிஃபாம்பிசின் இருந்தால் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, பிரெட்னிசலோன், சுகர் மாத்திரை எல்லாவற்றின் வேலையும் குறையும். ஓரிரு வாரத்தில்தான் முழுதாகத் தெரியும் என்பதால் டிஸ்சார்ஜ் ஆன பிறகு வெடிக்கும். வார்ஃபரினுக்கு எதிர்ப்பக்கம் மெட்ரோனிடசோல், கோட்ரைமாக்சசோல், ஃப்ளூகோனசோல், அமியோடரோன்; இவை ஐ.என்.ஆரை (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் எண்) ஏற்றும்.

மூக்கு டியூப்பில் பான்டோபிரசோல் மாத்திரையை இடித்துக் கரைத்து விட்டால் வயிற்று அமிலத்திலேயே அது அழிந்துவிடும். எஸ்.ஆர்., ரிடார்டு என்று எழுதியவற்றை இடித்தால் நாள் முழுக்கப் போக வேண்டியது ஒரே மூச்சில் போகும். மழைக்காலத்துக்குப் பின் இந்தப் பக்கம் ஸ்க்ரப் டைஃபஸுக்கு (சிற்றுண்ணி கடித்து வரும் காய்ச்சல்) டாக்சிசைக்ளின் நிறைய ஓடும். ஆன்டாசிட், இரும்பு, கால்சியம் இவற்றிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

வயல்காடு சூழ்ந்த பகுதி என்பதால் இரண்டு விஷயங்களில் உங்கள் வேலை டோஸைவிட ஸ்டாக்தான். பூச்சிமருந்து குடித்து வந்தவருக்கு அட்ரோபின் 1.8 முதல் 3 மி.கி.யில் தொடங்கி, நெஞ்சில் சளி இரைச்சல் அடங்கும்வரை ஐந்து நிமிடத்துக்கொருமுறை இரட்டிப்பார்கள். ஆம்பியூல் ஒன்றில் 0.6 மி.கி.தான். 24 மி.கி. தேவைப்பட்டால் 40 ஆம்பியூல், அதன் பின் மணிக்கு மணி இன்ஃப்யூஷன் வேறு. சனி மாலைக்கு முன் எண்ணிப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். பாம்புக்கடிக்கு விஷமுறிவு மருந்து முதலில் 10 வயல், குழந்தைக்கும் அதே அளவு. ஒவ்வாமை வந்தால் போட, பக்கத்தில் அட்ரினலின் (பெரியவருக்கு 0.5 மி.கி.) தசை ஊசி தயாராக இருக்க வேண்டும்.

ஆன்டிபயாடிக்கில் ரவுண்ட்ஸில் கேட்க வேண்டிய கேள்வி எளிது: இன்று எத்தனையாவது நாள், கல்ச்சர் என்ன சொல்கிறது, வாய்வழி மாற்றலாமா. காய்ச்சல் இறங்கி ஒரு நாளுக்கு மேலாகி, சாப்பிடத் தொடங்கிவிட்டவருக்கு லெவோஃப்ளாக்சசின், லைனசோலிட், மெட்ரோனிடசோல், ஃப்ளூகோனசோல் ஆகியவற்றை நரம்பில் விட்டுக்கொண்டிருக்கக் காரணம் பெரும்பாலும் இல்லை. எல்லோருக்கும் பழக்கத்தில் எழுதப்படும் பான்டோபிரசோல் ஊசியும் அப்படியே.

ரவுண்ட்ஸ் முடிந்த பிறகு

ஏற்றுக்கொண்ட பரிந்துரை நோயாளி உடம்புக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை மதியத்துக்குள் பாருங்கள். டாக்டர் மாற்றினார், சார்ட்டில் பழையது அடிக்கப்படவில்லை, சிஸ்டர் இரண்டையும் போட்டுவிட்டார் என்பது நடக்கும். வார்டு சிஸ்டரிடம் நேரில் சொல்லுங்கள், புது மருந்து ஸ்டோரில் இருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். இல்லாத மருந்தைப் பரிந்துரைத்து நோயாளியோடு இருப்பவரைக் கடை கடையாக அலையவிடுவதற்குப் பரிந்துரைக்காமலே இருக்கலாம்.

குறிப்பேட்டில் தேதி, கட்டில், பிரச்சினை, பரிந்துரை, ஏற்றார்களா, விளைவு என்ன ஆகியவற்றை எழுதுங்கள். மருந்தால் வந்த பாதிப்பு என்று சந்தேகம் இருந்தாலே போதும், உறுதி தேவையில்லை. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம். 2010-ல் தொடங்கிய திட்டம் இது. இலவச எண் 1800-180-3024. மருந்து தொடங்கிய தேதியும் பாதிப்பு தொடங்கிய தேதியும் இல்லாத படிவம் பயன்படாது. பாதிப்பு மருந்தால் வந்ததா என்று மதிப்பிடும் நரான்ஜோ அளவுகோலில் 9-ம் அதற்கு மேலும் உறுதி, 5 முதல் 8 பெரும்பாலும், 1 முதல் 4 இருக்கலாம் என்று பொருள்.

டிஸ்சார்ஜ் அன்று சம்மரி கைக்கு வந்ததும் வீட்டு மாத்திரைப் பையை மறுபடி வாங்குங்கள். எது தொடரும், எது மாறியது, எது நின்றது என்று மூன்றாகப் பிரித்து, நின்றதைத் தனியே கட்டி "இது இனிமே வேண்டாம்" என்று எழுதிக் கொடுங்கள். இதை விட்டால் அந்தப் பழைய அம்லோடிபின் வீட்டில் மறுபடி தொடங்கிவிடும். பிறகு, "வீட்டுக்குப் போய் நாளைக்குக் காலையில எதெதைப் போடுவீங்கன்னு எடுத்துக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். அவர் கை எந்த ஸ்ட்ரிப்புக்குப் போகிறது என்று பாருங்கள். தலையாட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

எழுதிய மருந்து அவருடைய ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குமா என்பதையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே பேசிவிடுங்கள். புதுச்சேரியின் மருந்துப் பட்டியலும் தமிழ்நாட்டின் பட்டியலும் ஒன்றல்ல. எல்லை தாண்டி நெல்லிக்குப்பத்துக்கோ பண்ருட்டிக்கோ போகிறவருக்கு அங்கே கிடைக்கும் மருந்தாக மாற்ற முடிந்தால் மாற்றக் கேளுங்கள். வார்ஃபரின் போடுகிறவருக்கு அடுத்த ஐ.என்.ஆர். எந்தத் தேதி, எந்த ஊரில் என்று சீட்டில் எழுதாமல் அனுப்பாதீர்கள். மாத்திரையை நிறத்தை வைத்துச் சொல்லித்தராதீர்கள். கம்பெனி மாறினால் நிறம் மாறும். மி.கி. எண்ணை விரல் வைத்துக் காட்டி, அவர் வாயால் ஒருமுறை படிக்கச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் படிக்கத் தெரிந்தவர் வரும்வரை காத்திருந்து அவரிடம் காட்டுங்கள்.